உனக்காக நின்ற பாசஞ்சர்

எழுதுவதற்குக் காகிதம் தேடி இன்று காலை உன் தகரப் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு நடுவில் அந்தச் சின்னத் துணிப்பை இருந்தது. உள்ளே ஊதா நிறத்தில் காய்ந்த பூ. முகத்தருகே கொண்டுபோனதும் வாசனை குப்பென்று ஏறி இரண்டு தும்மல் போட்டேன். இத்தனை வருஷம் ஆகியும் போகாத வாசனை. அதை உனக்குக் கொடுத்த வெள்ளைக்காரத் தாத்தாவை மனதுக்குள் திட்டிவிட்டு, பையை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஆமாம், எழுதத்தான் காகிதம். எனக்கு எழுத வந்துவிட்டது. நம் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. போன வருஷத்திலிருந்து போகிறேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் வாயில் போட்ட வெற்றிலை தீர்ந்துவிடுகிறது. தீரட்டும், எனக்கு அவசரம் இல்லை. முண்டியம்பாக்கம் ஸ்டேஷன் போர்டின் கீழே முப்பது வருஷம் நடந்திருக்கிறேன். போன வாரம்தான் அதைப் படித்தேன். படித்து முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். பக்கத்தில் நின்றவர், “யாரைத் தேடுறீங்க பெரியவரே?” என்று கேட்டார். யாரையும் தேடவில்லை, ஊர் பேரைப் படிக்கிறேன் என்றேன்.

யாருக்காவது ஒரு கடிதம் எழுதி வாருங்கள் என்றார் வாத்தியாரம்மா. மற்றவர்கள் மகனுக்கும் கலெக்டருக்கும் எழுதுகிறார்கள். எனக்கு உன்னோடு சண்டை போட வேண்டியது இருக்கிறது.

மூன்று மாதம் என்று சொல்லித்தான் நீ போனாய். நம் மகளைப் பாண்டிச்சேரியில் கட்டிக்கொடுத்தோம், மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ஊரில் தொழிற்சாலை வேலை. பிள்ளைப்பேறுக்கு உன்னைக் கூப்பிட்டார்கள். பிறகு குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றார்கள், பிறகு மகளுக்கு வேலை கிடைத்தது என்றார்கள். மூன்று மாதம் நான்கு வருஷம் ஆயிற்று. இங்கே விழுப்புரத்தில் நான் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். கஞ்சி கையில் ஊற்றிக்கொள்ளவும் கற்றுக்கொண்டேன்.

எண்பத்து மூன்று மாசியில் நீ திரும்பி வந்தாய், மகளோடும் பேத்தியோடும். மீனம்பாக்கத்தில் வெளியே வந்தபோது சேலைக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தாய், காலில் ஷூ. உனக்கென்று ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்திருந்தேன். நீ அதை வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, பேத்தியின் தலையில் செருகினாய். அந்த நான்கு வயதுப் பெண் உன் கையை விடாமல் “மெமே, மெமே” என்றது.

“இன்னாது, ஆட்டுக்குட்டி மாதிரி கத்துது?” என்றேன்.

“அந்த ஊர்ல ஆயாவ அப்டித்தான்யா கூப்புடுவாங்க.”

எனக்கு முன்னால் அந்தக் குழந்தைக்கு உன்னை ஒரு பேரால் கூப்பிடத் தெரிந்திருந்தது. நான் உன்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்குப் பொறாமை அங்கேதான் ஆரம்பித்தது.

“காரு வெச்சுக்கலாம்பா, இத்தினி மூட்ட இருக்குது” என்றாள் மகள். நான் கேட்கவில்லை. ரயில்வே பாஸ் எழுதி வாங்கி வைத்திருந்தேன். விமானத்தில் வந்தவளை நான் என் ரயிலில்தான் வீட்டுக்குக் கொண்டுபோவேன் என்று இருந்தேன். என் ரயில் என்று சொல்லலாம்தானே? விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் நான் கீமேன். தினமும் காலையில் சுத்தியலும் ஸ்பேனரும் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தோரம் நடந்து, தளர்ந்த ஆப்புகளைத் தட்டி இறுக்குகிற வேலை. அந்தக் கட்டையெல்லாம், அந்தக் கல்லெல்லாம் எனக்கு ஆள் அடையாளம் போலத் தெரியும். நீ ஒரு தடவையும் அதைப் பார்த்ததில்லை.

தாம்பரத்தில் பாசஞ்சர் ஏறினோம். செங்கல்பட்டு வரைக்கும் பனியைப் பற்றிச் சொன்னாய். அதற்குப் பிறகு உன் பேச்சில் அவர் வந்தார், அந்த ஊர் எதிர்வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா. சம்சாரத்தை இழந்தவர். தக்காளித் தோட்டம் வைத்திருப்பவர். மரத்தடி பெஞ்சில் தினமும் உன்னோடு உட்கார்ந்திருந்தவர்.

“உட்கார்ந்து?” என்றேன்.

“பேசிக்கினு இருப்போம்.”

“உனக்கு அந்த பாஷ தெரியுமா?”

“எனக்கெங்க தெரியும்? அவுரு அவுரு பாஷையில சொல்வாரு, நான் நம்ம பாஷையில சொல்வேன். ஒரு மணி நேரம் போறதே தெரியாது.”

அவர் ‘அவுரு’. நான் ‘யோவ்’. நமக்கு ஒரே பாஷை. சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் நாம் பேசியது உண்டா என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். பேசியிருக்கிறோம், என் அம்மாவின் சாவுக்கு யார் யாருக்குச் சொல்லியனுப்புவது என்று.

திண்டிவனத்தில் வண்டி நின்றபோது அவித்த மல்லாட்டை வாங்கினாய். முதல் கடலை பேத்திக்கு. இரண்டாவது மகளுக்கு. மூன்றாவதை உரித்துக்கொண்டே, “அந்தத் தாத்தாவுக்கு இது ரொம்பப் புடிக்கும்யா, ஒரு வாட்டி மாப்பிள்ள பாண்டியிலேருந்து கொண்டாந்தாரு” என்று சொல்லி நீயே வாயில் போட்டுக்கொண்டாய். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளுக்கே என்னைவிட முன்னால் வரிசை. நான் மயிலம் வரைக்கும் தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஆனால் எனக்குள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. முதல் நாளே கோவிந்தனிடம் ஒரு ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தேன். எங்கள் கேங்குக்கு மேஸ்திரி அவன். தண்டவாளத்தில் வைக்கிற வெடி உனக்குத் தெரியுமே, தகர டப்பி மாதிரி இருக்கும், சக்கரம் ஏறினால் வெடிக்கும். மூடுபனியிலும் ஆபத்திலும் டிரைவரை எச்சரிக்க வைப்பது. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு மரியாதையாகவும் வைப்பார்கள், டிரைவரிடம் சொல்லிவிட்டு.

“உன் பொண்டாட்டி வர்றதுக்கு வெடியா? இன்னா, கவர்னர் சம்சாரமா?” என்று கோவிந்தன் சிரித்தான்.

“ஏரோப்ளேன்ல வர்றாடா. நம்ம லைன்ல ஒரு சத்தமாவது இருக்கட்டும்.”

டிரைவரிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. முப்பது வருஷ சர்வீஸ். கல்யாண வீட்டில் தாலியை மறந்தவர்கள் மாதிரி இருந்தோம்.

விக்கிரவாண்டி தாண்டியதும், “இனிமே பாரு, இது என் லைன்” என்றேன். நீ பேத்தியின் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். டமார் என்றது. இன்னொன்று. இன்னொன்று. வெடிச் சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது டிரைவருக்குச் சட்டம். அவர் நிறுத்திவிட்டார். மூட்டைகள் உருண்டன, குழந்தை வீறிட்டது, மொத்த வண்டியும் ஜன்னலுக்கு வந்தது. வெளியே பனைமரத்தடியில் கோவிந்தனும் நான்கு ஆட்களும் வரிசையாக, அடிபட்ட முகத்தோடு நின்றார்கள்.

“அது நம்ம கோவிந்தன் இல்ல?” என்றாய்.

டிரைவர் இறங்கி வந்தார். “எவன் வெச்சது? பாலம் கீலம் போச்சா?”

கோவிந்தனுக்கு நான்கு பெண் பிள்ளைகள். நான் இறங்கினேன்.

“பாலம் நல்லா இருக்குதுங்க. லைனும் சுத்தமா இருக்குதுங்க. நான்தான் வெக்கச் சொன்னேன்.”

“எதுக்குய்யா?”

“என் வீட்டுக்காரி ஊர்லேருந்து வர்றாங்க.”

“எந்த ஊரு?”

“பாரிசுங்க.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். நீ கோட்டோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். “அம்மாவ இங்கியே எறக்கி வுடணுமா, இல்ல ஸ்டேஷன் வரிக்கும் வரலாமா?” என்று கேட்டார். வண்டி முழுக்கச் சிரித்தது. என் பெயரையும் கேங் நம்பரையும் எழுதிக்கொண்டு போனார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். விழுப்புரம் வரும்வரை நீ தலை நிமிராமல் பேத்தியின் பின்னலை மறுபடியும் பின்னிக்கொண்டு வந்தாய். அந்தத் தாத்தாவாக இருந்தால் இப்படிப் பேஜாரு பண்ணியிருப்பாரா என்று நினைக்கிறாய் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு மாதத்தில் மகள் திரும்பும்போது உன்னையும் அழைத்துப்போவதாக இருந்தது. உன் பாஸ்போர்ட்டில் முத்திரையெல்லாம் சரியாக இருந்தது. இந்த வெடியால் நானே உன்னை அனுப்பி வைத்துவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

விசாரணை வைத்தார்கள். செய்தது தப்பு, ஒத்துக்கொண்டேன். சுத்தியலையும் ஸ்பேனரையும் வாங்கிக்கொண்டு, கீமேன் வேலையிலிருந்து இறக்கி, கல் கொத்துகிற கேங்கில் போட்டார்கள். ஓய்வு பெற ஒரு வருஷம்தான் இருந்தது. சாயங்காலம் கையெல்லாம் கொப்புளமாக வந்தேன். நீ பார்த்தாய், வேப்பெண்ணெய் எடுத்து வந்து வைத்தாய்.

மகள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு நானே ஆரம்பித்தேன். நீ முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாய். “போறதுன்னா போயிட்டு வா. பெஞ்சுல ஒருத்தரு காத்துக்கினு இருப்பாரு” என்றேன்.

நீ முறத்தை நிறுத்தவில்லை. “நாலு வருஷம் அந்த ஊர் ரயில்ல போய்க்கினு வந்துக்கினு இருந்தேன்யா. ஜல்தியா ஏறணும், ஜல்தியா எறங்கணும், கதவு தானா மூடிக்கும். ஒண்ணாவது எனக்கோசரம் நின்னுதா?” என்றாய். பிறகு மகளைப் பார்த்து, “நீ போ கண்ணு. நான் வரல” என்றாய்.

பேத்தி உன் சேலையைப் பிடித்துக்கொண்டு மெமே மெமே என்று அழுததை நான் கொல்லைப்பக்கம் நின்று கேட்டேன். அன்றைக்கு ஜெயித்தவன் மாதிரி இருந்தேன். அதை இப்போது எழுதும்போது பென்சில் கொஞ்சம் நிற்கிறது. குழந்தையோடு போட்டி போட்ட கிழவன் நான்.

நீ கொண்டுவந்த விதையைக் கிணற்றடியில் ஊன்றினாய். அந்தத் தாத்தாவின் தக்காளி, பெரிது பெரிதாக, நம் ஊர் வெயிலிலும் காய்த்தது. புளிக்கிறது என்று நான் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவேன். “புளிக்கலய்யா, உனக்குத்தான் புளிக்குது” என்பாய். மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு ஐப்பசிக் காய்ச்சலில் நீயும் போய்விட்டாய்.

இதற்கு முன்னால் மகளின் கடிதம் வந்தால் தபால்காரர்தான் படித்துச் சொல்வார். போன மாதம் வந்ததை நானே படித்தேன், ஒரு பகல் முழுக்க. எதிர்வீட்டுத் தாத்தா இன்னும் இருக்கிறாராம். உன்னைப் பற்றி அடிக்கடி கேட்பாராம். நீ பேசியது எதுவும் அவருக்குப் புரிந்ததில்லையாம், ஆனால் ஒரு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வருமாம். அதற்கு என்ன அர்த்தம் என்று மகளிடம் இப்போதுதான் கேட்டாராம். அந்த வார்த்தையை மகள் எழுதியிருந்தாள். எழுத்துக் கூட்டினேன். அந்தாளு.

அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிப் பேசும்போது நீ என்னை வேறு எப்படிச் சொல்லியிருக்கிறாய்? அந்தாளு சாப்பிட்டாச்சு, அந்தாளு லைனுக்குப் போயிருக்குது. நான்கு வருஷம், தினமும் ஒரு மணி நேரம், பாஷை தெரியாத ஒரு மனிதரிடம் நீ என்னைப் பற்றிப் பேசியிருக்கிறாய். முதலில் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் வயிறு எரிந்தது. திட்டினாயா, நல்லதாக ஏதாவது சொன்னாயா? என்னிடம் சொல்லாதது எது அதில்? கேட்டதெல்லாம் அவர். நானாக இருந்தால் ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும்.

மகளுக்குப் பதில் எழுதிவிட்டேன், என் கையால் எழுதிய முதல் பதில். தாத்தாவை விசாரித்ததாகச் சொல் என்று எழுதினேன். பொறாமையை எழுதவில்லை. அதை உனக்கென்று வைத்துக்கொண்டேன். அது குறைகிற மாதிரித் தெரியவில்லை, குறையவும் வேண்டாம். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பழசாகிவிட்டது. அந்த பெஞ்சில் நீ பேசியது மட்டும் எனக்கு இன்னும் புதிதாக இருக்கிறது.