ஒரு காதால் கேட்ட ஆல்பம்

உன் செல்போனை நேற்று உன் மனைவி என் கையில் கொடுத்தாள். இயர்போன் அதன்மேல் சுற்றியபடியே இருந்தது. "அண்ணா, கண்ணை மூடற வரைக்கும் இந்த ஆல்பத்தையேதான் கேட்டுக்கினு இருந்தாரு. அதுல அப்படி என்னாதான் இருக்குது? கேட்டுச் சொல்லுங்களேன்" என்றாள்.

பழங்காலத்து ஐரோப்பிய அரண்மனைகளில் வாசித்த லூட் என்ற நரம்பு வாத்தியத்தையும் இந்தக் காலத்து ராக்கையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று பிள்ளையார்பாளையம் முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் நீ. டீக்கடைக்காரரைக்கூட விடவில்லை.

கரையைத் தனி நாடாவில் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டுமே. இடப்பக்கம் நான், வலப்பக்கக் கரைக்கு நீ. ஒரே இயர்போன், அதில் இடக்காதுக்கானது எனக்கு, வலக்காதுக்கானது உனக்கு. நாடா ஓட்டிக்கொண்டே, "இப்ப வர்றான் பாரு கிட்டாரு!" என்பாய்.

"எங்கடா வர்றான்? யாரோ தனியா உக்காந்து வீணை மாதிரி வாசிச்சிக்கினு இருக்கான்."

"வீம்புக்குப் பேசாதபா. டிரம்ஸ் இடிக்கறது கேக்கலியா?"

சத்தியமாகக் கேட்கவில்லை. ஒருநாள் சலித்துப்போய், "ராக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எவனோ உன்னை நல்லா ஏமாத்திட்டான்" என்றேன். நீ ஒயரைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். அதற்குப் பிறகு அந்த ஆல்பத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று சாயங்காலம் முதல்முறையாக இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். இடக்காதில் எனக்குத் தெரிந்த அதே லூட். வலக்காதில், அடேயப்பா, கருடசேவைக் கூட்டம் தெருவுக்குள் நுழைந்த மாதிரி கிட்டாரும் டிரம்ஸும்! ஒரு பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன், மாற்றி மாட்டிப் பார்த்தேன். லூட்டை ஒரு காதுக்கும் மற்றதை இன்னொரு காதுக்கும் பிரித்தே பதிவு செய்திருக்கிறார்கள். உனக்கு ஆல்பம் மனப்பாடம், அதனால் தறியில் பாதிதான் கேட்கிறது என்பது உறைக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு ஏன் தோன்றவில்லை? ஒரே ஒருநாள் இடம் மாறி உட்கார்ந்திருந்தால் போதுமே.

நாலாவது பாட்டில் லூட்டும் கிட்டாரும் ஒரே மெட்டை மாறிமாறி இழுக்கின்றனவே, யார் முதலில் விட்டுக்கொடுப்பது? எட்டுத் தடவை கேட்டும் பிடிபடவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். இன்று தறியில் என் கால் அந்த டிரம்ஸுக்குத்தான் மிதித்தது.

மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன்.

"என்னாண்ணா இருக்குது அதுல?"

"அவன் சொன்னதெல்லாம் இருக்குதும்மா. எனக்குத்தான் பாதி கேக்கல."

"இதை அவருகிட்ட சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?" என்றாள்.

அதைத்தான் இப்போது சொல்கிறேன். நீ சொன்னது சரி. ரொம்ப நல்ல ஆல்பம்டா.