புளிக்காத நீலப்பூ

15-11-1955, செவ்வாய்

நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா கண்டால் மண்ணெண்ணெய்க்குக் கேடு என்பாள்.

இன்று புஷ்பலதா டீச்சர் எங்கள் மூன்றாம் பாரத்து வகுப்புப் பிள்ளைகளை வாய்க்கால் கரையில் குந்த வைத்துப் பாடம் நடத்தினார். ஆரைக்கு நான்கு இலை, பூப்பதே இல்லை. புளியாரைக்கு மூன்று இலை, மஞ்சள் பூ. காய் நிமிர்ந்து நிற்கும், தொட்டால் விதை தெறிக்கும். சிறுபுள்ளடிக்கும் மூன்று இலைதான். ஆனால் பூ அவரைப்பூவின் குட்டி, காய் பாவாடையில் ஒட்டிக்கொள்ளும். வீடு வரைக்கும் என்னோடு வந்துவிட்டது.

17-11, வியாழன்

ஏன் வாயைத் திறந்தேன்?

"டீச்சர், மலையில நீலமாப் பூக்குற புளியாரை இருக்கு" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. மாமா மகள் பொன்னுமணி, "எங்க வீட்டு முருங்கை செவப்பாப் பூக்குது டீச்சர்" என்றாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "புளியாரை நீலமாப் பூக்காது சுருளியம்மா. பாத்தது நெசம்னா மாசக் கடைசித் திங்கக்கிழமைக்குள்ள கொண்டாந்து காட்டு. இல்லேன்னா உங்க அய்யாவ வரச் சொல்லுவேன்."

அய்யா மலையில் ஏலக்காய்த் தோட்டத்து ஸ்டோரில் காயைச் சூட்டில் உலர்த்துகிறவர், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பும்போதே சொல்லிவிட்டார்: "வாய் நீளுதுன்னு ஒரு புகார் வந்துச்சுன்னா அன்னைக்கே நின்னுக்கிறணும்."

போன தையில் அம்மாவோடு மலைக்குப் போனபோது ஓடையோரம் பார்த்தேன். பார்த்தேன்தானே? கனவில்லையே?

18-11, வெள்ளி

தெருவில் நடந்தால், "நீலப்பூ போறா, நீலப்பூ" என்கிறாள் பொன்னுமணி.

20-11, ஞாயிறு

நேற்று வந்த அய்யா இன்று மலைக்குத் திரும்பினார். கிளம்பும்போது கேட்டுவிட்டேன். "டீச்சர் ஒரு செடி கேட்டுச்சு அய்யா. ஓடையோரத்துல இருக்கும். மூணு இலை, நீலப்பூ." வகுப்பில் நடந்ததைச் சொல்லவில்லை. பயம்.

"எனக்கு இருக்குற சோலியில செடி வேறயா" என்றார். முடியாது என்று சொல்லவில்லை.

23-11, புதன்

மறந்திருப்பாரா?

26-11, சனி

கொண்டுவந்துவிட்டார். ஆனால் —

வெற்றிலைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். "வழியில வாடிப்போகுமில்ல. அதான் ஸ்டோர்ல காய்த் தட்டோட வச்சு ஒலத்திட்டேன். காய் எப்பிடிப் பச்சை மாறாம வருது? அது மாதிரி."

காய் நிறம் மாறாது. என் பூ மாறிவிட்டது. காபிச் சக்கை மாதிரி இருக்கிறது. அய்யா முகத்தில் அத்தனை பெருமை. "நல்லா இருக்கு அய்யா" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டத்தில் போய் அழுதேன்.

27-11, ஞாயிறு

அழுது முடித்துவிட்டுச் செடியைப் பார்த்தேன். இலை அச்சு அசல் புளியாரை இலை. ஒரு துண்டைக் கடித்தேன். புளிப்பே இல்லை, ஏலக்காய் வாசம்தான். சூட்டில் புளிப்பு போயிருக்குமோ? வாய்க்கால் புளியாரையைச் சோற்றுப்பானை மூடியில் போட்டு வாட்டி, அதையும் தின்றேன். பல் கூசுகிற புளிப்பு.

பிறகு இலைக்கு அடியில் ஒரு காய் கண்டேன். கீறினால் உள்ளே அவரை மாதிரி வரிசையாக விதை. அப்படியானால் இது புளியாரையே இல்லை. நான் சொன்ன பேர் தப்பு. பார்த்தது தப்பில்லை.

28-11, திங்கள்

பொட்டலத்தோடு எழுந்து நின்று, இது புளியாரை இல்லை, காய் அவரை மாதிரி, ஆனால் பூ நீலம்தான் என்று சொன்னேன். பழுப்புப் பூவைப் பார்த்ததும், "நீலம் எங்கடி?" என்றாள் பொன்னுமணி.

டீச்சர் காயைப் பார்த்தார். பூவை வெந்நீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் சுருங்கிய பூ விரிந்தது. மேலே ஒரு பெரிய இதழ், பக்கத்துக்கு ஒன்று, கீழே படகு மாதிரி. அவரைப்பூவேதான். பெரிய இதழின் மடிப்புக்குள் ஒரு கோடு நீலம் மிச்சமிருந்தது.

"நீ பாத்தது நெசம். பேரு எனக்கும் தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்றார் டீச்சர்.

பொன்னுமணி மோந்து பார்த்துவிட்டு, "பாயாசத்துல போடலாம் டீச்சர்" என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

3-12, சனி

அய்யா மலையிலிருந்து இறங்கியதும் பொன்னுமணி வந்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அய்யா வெற்றிலை மென்றுகொண்டே இருந்தார். "நீலம் போச்சாக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

படிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

10-12, சனி

பகலிலேயே எழுதுகிறேன்.

அய்யா வந்ததும் வராததுமாக ஈரத்துணி சுற்றிய ஒரு செடியை எடுத்து நீட்டினார். மூன்று இலை, ரோசாப்பூ நிறத்தில் பூ, கொஞ்சமும் வாடவில்லை. "வெரசா பாத்துச் சொல்லு ஆத்தா. எம் மக பாத்த ஒடனே சொல்லிப்புடும்னு ஸ்டோர்ல கூட வேல பாக்குற வீரணன்கிட்டச் சொல்லிட்டேன். இல்லேன்னா மானம் போயிரும்."

வாய் நீண்டது யாருக்கு? கேட்கவில்லை. பூவைப் பார்த்தேன், ஐந்து இதழும் ஒன்றுபோல. இலையைக் கடித்தேன். புளித்தது.

"புளியாரைக்குப் பங்காளி அய்யா. பேரு டீச்சரத்தான் கேக்கணும்."

"கேட்டுட்டு வா" என்றார். துணியை உதறிக்கொண்டே, "அடுத்த வருசம் நாலாம் பாரத்துலயும் அந்த டீச்சர்தானா?" என்றார்.