வெறுங்கழுத்து

டிசம்பர் 2, திங்கள்

மழை வரும் என்று அறிவித்தார்கள், வந்தது. அரசு அறிவிப்பு பலித்துவிட்டதில் ஊரே கொஞ்சம் கலங்கிப்போயிருக்கிறது.

நிலையத்தில் இன்றைய பெருங்குற்றம்: காணாமல்போன கைப்பேசி ஒன்று, புகார் கொடுத்தவரின் சாப்பாட்டுப் பையிலேயே ஒலித்தது. ரயில்வே போலீஸ் எஸ்.ஐ. என்று சொன்னால் யாரும் பயப்படுவதில்லை. டிக்கெட் பரிசோதகரைத்தான் பார்த்து நடுங்குகிறார்கள்.

முரளிக்கு இந்த மாதம் முழுக்கக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இரவுப் பணி. அவர் கிரேன் உச்சியில், நான் மீஞ்சூரில். வாசற்படியில் சந்தித்துக்கொள்ளும் தம்பதி.

டிசம்பர் 3, செவ்வாய்

 வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை போகும் மாலை லோக்கல். பெண்கள் பெட்டியின் கோடியில் கம்பெனி வேலை முடிந்து வரும் நான்கு பேர்: சுகிர்தா, ரோஜா, ஆரோக்கியமேரி, கவிப்பிரியா. மழையால் கூட்டமில்லை. கவரைப்பேட்டையில் வண்டி நகரும்போது கர்ச்சீப்பால் முகத்தை மூடிய ஒருவன் கத்தியோடு ஏறினான். குனிந்த தலை நிமிரக்கூடாது என்றான். நான்கு பேரின் தாலிச் சங்கிலியும் போயிற்று. சுகிர்தா மட்டும் நிமிர்ந்தாள். அவன் முகத்தைப் பிறாண்டினாள். கர்ச்சீப் அவிழ்ந்திருக்க வேண்டும். அவளை ஓடும் வண்டியிலிருந்து வெளியே தள்ளிவிட்டான்.

தண்டவாளத்தில் அவளைப் பார்த்தேன். அதை எழுதப்போவதில்லை.

அடுத்த பெட்டி வாசலில் நின்ற ஒடிசாக்காரப் பையன் பிஸ்வஜித், அவள் விழுவதைக் கண்டு அபாயச் சங்கிலியை இழுத்தான். வண்டி நின்றது. திருடன் இறங்கி இருட்டில் ஓடிவிட்டான்.

பொன்னேரி நடைமேடையில் மூவரிடமும் விசாரித்தேன். மேரியும் கவிப்பிரியாவும் கழுத்தைப் பொத்திய கையை எடுக்கவேயில்லை. கையெழுத்துப் போடக்கூட மற்ற கையைத்தான் நீட்டினார்கள். மேரி மாதா கோயிலில் தாலி கட்டியவர், அவருக்கும் அதே தவிப்பு. ரோஜா ஒருத்திதான் துப்பட்டாவை இழுத்துச் சுற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 4, புதன்

குற்றவாளி கிடைத்துவிட்டான் என்கிறார் இன்ஸ்பெக்டர் தணிகைவேல். பிஸ்வஜித்.

"வண்டிய இன்னாத்துக்குமா நிறுத்துனான்? அவன் எறங்கத்தான். கூட்டாளி."

"கண்ணெதிர்ல ஒருத்தி விழுந்தா இழுக்க மாட்டாங்களா சார்?"

"ஒரு வண்டி நெறய ஜனம் இருந்துச்சே. வேற யார்னா இழுத்தாங்களா?"

 ஒருவன் மட்டும் மனிதனாக நடந்துகொண்டால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

பையனுக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவன் வாக்குமூலம் நல்ல தமிழில் அமையும், நாங்களே எழுதுகிறோம். அடுத்த வாரத்துக்குள் வேறு ஆள் அகப்படாவிட்டால் கொலைப் பழி அவன் தலையில்தான். கொன்றவனோ தினமும் அதே வண்டியில் வந்துபோகலாம். நானும்தான்.

டிசம்பர் 5, வியாழன்

சாதாரண உடையில் அதே வண்டி, அதே பெட்டி, அதே கோடி. மூவரும் புது மஞ்சள் கயிற்றோடு வந்தார்கள். சுகிர்தாவின் இடத்தில் யாரும் உட்காரவில்லை. பையைக்கூட வைக்கவில்லை.

கவிப்பிரியா அழுதாள். "அவன் கரெக்டா எங்க நாலு பேராண்ட வந்தான் மேடம். அந்தாண்ட செயின் போட்டுக்கினு உக்காந்திருந்தவங்கள திரும்பிக்கூடப் பாக்கல. அதெல்லாம் கவரிங்காம்."

தங்கம் எது, கவரிங் எது என்று ஓடும் வண்டியில் கண்ணால் பார்த்துச் சொல்லும் திருடன். நகைக்கடையில் வேலை கேட்டிருக்கலாம்.

ரோஜா என்னிடம் பிரியமாக இருந்தாள். கொய்யா நறுக்கிக் கொடுத்தாள்.

"மேடம் மீஞ்சூர்ல எங்க? பஜார் தெருவாண்டயா?"

"பக்கத்துல. அவருக்கு இந்த மாசம் நைட் டூட்டி."

"வூட்டுக்காரரு நைட் டூட்டினா தனியாவா கீறீங்க? உசாரா இருங்க மேடம், காலம் கெட்டுக் கெடக்குது."

விசாரிக்கப் போனவளை ஒருத்தி அக்கறையாக விசாரித்ததில் மனசு இளகித்தான் போயிற்று.

டிசம்பர் 6, வெள்ளி

மீஞ்சூர் ஸ்டேஷனிலிருந்து வீடுவரை பின்னால் ஒரு பைக், விளக்குப் போடாமல். தற்செயல் என்று எழுதிவைக்கிறேன். எழுதிவைத்தால் அப்படியே ஆகிவிடும் என்பது எங்கள் துறையின் நம்பிக்கை.

டிசம்பர் 7, சனி

மறுபடியும் பைக். முகத்தில் கர்ச்சீப். மழைக்கு எல்லோரும்தான் கட்டுகிறார்கள். எல்லோருமா?

டிசம்பர் 8, ஞாயிறு

முரளியிடம் சொன்னேன்.

"லீவு போடேன்."

"போலீஸ்காரி பயந்துக்கினு லீவு போட்டா நல்லாவா இருக்கும்?"

"பயந்துக்கினு வேலைக்குப் போனா மட்டும்?"

நியாயம். நாளை செயினைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டுப் போகிறேன். கழுத்தில் இருப்பது உலோகம், அதற்கும் ஒருவர் ஆயுளுக்கும் சம்பந்தமில்லை என்று கல்லூரிப் பட்டிமன்றத்தில் பேசிக் கோப்பை வாங்கியவள் நான்.

டிசம்பர் 9, திங்கள்

கதவு, ஜன்னல், கொல்லைக் கதவு, எல்லாம் பூட்டியாச்சு. இப்போ எழுதினாத்தான் உண்டு.

காலையிலிருந்து கை கழுத்தைவிட்டு இறங்கவில்லை. எடுத்தால் திரும்பப் போய் ஒட்டிக்கொள்கிறது. முரளிக்கு மூன்று முறை போன் பண்ணிவிட்டேன். "உசிரோடதான் கீறேன், தூங்க உடு" என்றார். கோப்பை வாங்கியவள்!

மாலை வண்டியில் ரோஜா எதிரே உட்கார்ந்தாள். மேரியும் கவிப்பிரியாவும் வரவில்லை.

"இன்னா மேடம், கை கழுத்துலயே கீது? செயின் போடலியா?"

"பயமா இருக்குல்ல. வீட்டுல வச்சுட்டேன்."

"ஐயே, ஒரு கயிறாவது கட்டிக்கினு வர்றதில்ல? வூட்டுக்காரருக்கு ஆவாது மேடம். நானெல்லாம் கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு நிமிசம்கூட வெறுங்கழுத்தா இருந்ததில்ல."

ஒரு நிமிஷம்கூட.

பாட்டிலைப் பிடித்த இரண்டு கை. துப்பட்டாவைச் சுற்றிய விதம். அன்றைக்குச் செயின் பறிபோன கழுத்தில் ஏற்கெனவே கயிறு இருந்தது. பறிபோகும் என்று தெரிந்தவள்தான் அப்படிக் கட்டிக்கொண்டு வருவாள். எது தங்கம் என்பதும் தினம் பக்கத்தில் உட்காருகிறவளுக்குத்தான் தெரியும்.

நான் வாயைத் திறக்கவில்லை. முகம் திறந்துவிட்டதோ என்னவோ.  அவள் கை மெதுவாக மேலே போய்க் கயிற்றைப் பிடித்தது. இருவரும் கழுத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தோம். வெளியே சுகிர்தா விழுந்த இடம் போயிற்று. பெட்டியில் வேறு யாருமில்லை. கதவு திறந்திருந்தது.

பொன்னேரியில் இறங்கும்போதே அவள் காதில் போன்.

இன்ஸ்பெக்டருக்குச் சொன்னேன். "கயிறா? கயித்த வெச்சிக்கினு கோர்ட்டுல இன்னா சொல்றது? ஊட்டப் பூட்டிக்கினு இரும்மா, காலைல பாக்கலாம்."

வெளியில பைக் நிக்குது. இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு. லைட்டு இல்ல.

இறங்கிட்டான். செருப்புச் சத்தம். எத வச்சு அடிக்கிறது? அம்மிக்குழவி. முரளி, நீ பத்திரமா

டிசம்பர் 10, செவ்வாய்

உயிரோடு இருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கிறிஸ்டினா அக்கா மாடியிலிருந்து, "யார்ரா அது கேட்டாண்ட? பேமானி!" என்று கத்தியதில் ஓடிவிட்டான். துப்பாக்கியோடு துறை கொடுத்த பயிற்சியைவிட அக்காவின் தொண்டை உறுதியானது.

காலையில் கும்மிடிப்பூண்டி நடைமேடைக் கேமரா. மூன்றாம் தேதி மாலை, வண்டிக்கு முன்பு. குழாயில் தண்ணீர் பிடிக்க ரோஜா குனிகிறாள். துப்பட்டா சரிகிறது. பறிபோனதாக அவள் சொன்ன செயின் கழுத்தில் அப்போதே இல்லை. மஞ்சள் கோடு.

இன்ஸ்பெக்டர் நான்கு முறை ஓட்டிப் பார்த்தார். "நானும் மொதல்லயே நெனச்சேன்" என்றார்.

டிசம்பர் 11, புதன்

ரோஜாவையும் அவள் புருஷன் மதனையும் பிடித்துவிட்டோம். கர்ச்சீப்பை அவிழ்த்ததும் அவன் கன்னத்தில் சுகிர்தாவின் நகம் நான்கு கோடாக இருந்தது. நகைகள் வீட்டு அரிசி டிரம்மில். பைக்கும் அவனுடையதுதான்.

ரோஜா முதலில் அழவில்லை. சுகிர்தாவைப் பற்றிக் கேட்டதும் அழுதாள். "யாருக்கும் ஒண்ணும் ஆவாது, மெரட்டத்தான் போறேன்னாரு."

"கயிறு எதுக்கு கட்டுன? அது இல்லைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஓடுற வண்டில தொங்கிக்கினு வர்றாரு மேடம். அன்னிக்கிப் போயி வெறுங்கழுத்தா எப்டி உக்காருவேன்?"

டிசம்பர் 14, சனி

பிஸ்வஜித்தை விட்டுவிட்டார்கள். வலது காதில் இன்னும் வீக்கம். ஊருக்கு வண்டி ஏற்றிவிட நானே போனேன். பாராட்டுச் சான்றிதழுக்குப் பரிந்துரைப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னதை எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் மொழிபெயர்த்தேன். அவன் கைகூப்பினான். உட்கார்ந்ததும் தலைக்குமேல் தொங்கிய அபாயச் சங்கிலியின் சிவப்புக் கைப்பிடியைப் பார்த்தான். எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டான்.

டிசம்பர் 20, வெள்ளி

விசாரணை முடிந்தது, பைக் இல்லை. ஆனாலும் மீஞ்சூர் வரும்வரை கதவோரம் நிற்பதில்லை. செயின் பீரோவிலேயே இருக்கிறது.

காலை அணிவகுப்பில் இன்ஸ்பெக்டர் என் முன்னால் நின்றார். "இன்னாம்மா, காலர்லாம் மஞ்சளா கீது?"

"சாம்பார் சார்" என்றேன்.