நானூற்றுத் தொண்ணூற்றாறின் காரணிகள்

ஜூலை 14, திங்கள்
மழை. பெர்ன்ஹில் மலைச்சரிவு முழுக்க மூட்டம். எதிர் வீடு தெரியவில்லை. ஹீட்டர் மறுபடி பழுது.

டாக்டர் சொன்ன ஐந்து நாள் சோதனை இன்று தொடக்கம். தினமும் காலை எட்டு மணி. ஒரே கேள்வி. எடுத்துக்கொடுக்கக் கூடாது. பதிலைத் தாளில் குறித்து வெள்ளிக்கிழமை கோவையில் காட்ட வேண்டும். மறதி கூடியிருந்தால் வசந்தாவை அங்கேயே ஒரு காப்பகத்தில் சேர்த்துவிடலாம் என்கிறாள் மகள். பெண்களுக்கு மட்டுமான இடம். “அம்மாவ உங்களால தனியாப் பாத்துக்க முடியாதுங்கப்பா.” மறுத்துப் பேசத் துணிவில்லை.

கேள்வி: 496-இன் காரணிகள். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள், ஒவ்வொரு ஜூனிலும் கரும்பலகையில் முதலில் எழுதிய எண். தன்னை விட்டு மற்ற காரணிகளைக் கூட்டினால் அதே எண் திரும்ப வரும். நிறைவெண். 1, 2, 4, 8, 16. அடுத்து 32 அல்ல, ஒன்று குறைத்து 31. பிறகு 62, 124, 248.

“இதென்னங்க, சின்னப் புள்ளைகிட்டக் கேக்கறாப்ல?” எல்லாம் சொன்னாள். 496. இருமுறை கூட்டிப் பார்த்தேன்.

ஜூலை 15, செவ்வாய்
தூறல். பால் தாமதம்.
62-ஐ விட்டுவிட்டாள். கூட்டித் தாளில் குறித்தது 434. நான் அவசரப்படுத்தினேனோ? காபிக்கு முன் கேட்டது தவறோ? எதுவும் நிச்சயமில்லை.

ஜூலை 16, புதன்
1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256. தயக்கமே இல்லை. அதுதான் பயம். வளைவில் திரும்பாமல் நேரே போய்விட்டாள். 511. பதினைந்து அதிகம்.

“சரிதானுங்களே?”

“சரி” என்றேன். தாளில் 496 என்று எழுதினேன். குன்னூரில் தேயிலை ஏல குமாஸ்தாவாக இருந்த காலம் முழுவதும் ஓர் எண்ணையும் மாற்றி எழுதாதவன்.

ஜூலை 17, வியாழன்
சற்று வெயில். கம்பளி எல்லாம் வெளியே காயப் போட்டேன்.

கேவலமான யோசனை: பதினாறு வந்ததும் கரண்டியால் மேசையைத் தட்டி நிறுத்துவது. தட்டினேன்.

“ஏனுங்க, யாரோ கதவத் தட்டறாங்க பாருங்க.”

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். வெளியே யாரும் இல்லை. வேறென்ன செய்ய. திரும்பி வந்தபோது கேள்வியே அவள் நினைவில் இல்லை. தாளில் காலியிடம்.

மகள் போன். நாளை பத்து மணிக்குக் கார்.

ஜூலை 18, வெள்ளி
விடாத மழை. எட்டு மணிக்குக் கேட்டேன். என்னையே வெகுநேரம் பார்த்தாள்.

“ஏந்தம்பி, தெனம் இதையே கேக்கறயே. ஊட்டுல சொல்லித்தர ஆளில்லியா?”

“இல்லைங்க டீச்சர்.”

“செரி, எழுதிக்கோ.” ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. நின்றாள். கண்கள் எதையோ தேடின. “மிச்சத்த நீயே சொல்லு, பாக்கலாம்.”

எழுந்து நின்று சொன்னேன். 248 வரை.

“ம். உக்காரு.”

அவள் சொன்ன ஐந்தையும் கூட்டினேன். 31. அவளுக்கு வராமல் போன அதே எண். தாளில் அதையே எழுதினேன். புதன்கிழமையின் 496-ஐ அடித்து, 511.

அவளுடைய ஸ்வெட்டர் இரண்டையும் பெட்டியில் வைத்தேன். பிறகு வெளியே எடுத்தேன். கோவையில் தேவைப்படாது.