கதவு இல்லாத குளிர்

நவம்பர் 9, ஞாயிறு

கவியா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் இருவருக்கும் பதிவு செய்துவிட்டாள். பொங்கல் லீவோடு நாலு நாள் சேர்த்து உத்தரகாண்ட். கேதார்கந்தா மலையில் பனி நடை. அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்து அனு டீச்சரும் வருகிறார். ஜனவரி 15 அன்று கவியாவுக்கு நாற்பது முடிகிறது. அன்றைக்கு அவள் உச்சியில் நிற்க வேண்டுமாம், பக்கத்தில் நானும் நிற்க வேண்டுமாம்.

"உங்களுக்கு இன்னாங்க, தினமும் குளிர்லதானே கீறீங்க" என்றாள்.

வாஸ்தவம். இறால் கம்பெனியின் குளிர் அறைக்குப் பத்தொன்பது வருடமாக நான்தான் சூப்பர்வைசர். மைனஸ் பதினெட்டு டிகிரி. இந்தக் கேளம்பாக்கத்தில் குளிரைப் பற்றி எனக்கு எவன் சொல்லித்தர முடியும்? அப்புறம் எதற்குப் பயம்?

நவம்பர் 16

பட்டியல் வந்தது. பை மொத்தமே எட்டு கிலோவுக்குள். என் குளிர் அறை ஜாக்கெட்டைக் கம்பெனித் தராசில் வைத்தேன், அதுவே மூன்று கிலோ நானூறு.

தடித்ததாக ஒன்று கூடாதாம், மெல்லியதாக மூன்று வேண்டுமாம். உள்ளே சீக்கிரம் காய்கிற பனியன், மேலே ஃப்ளீஸ் என்கிற மெத்துத் துணிச் சட்டை, அதற்கும் மேலே காற்றைத் தடுக்கும் கோட்டு. பருத்தி வேண்டவே வேண்டாமாம். இறகு ஜாக்கெட்டை உட்காரும்போது மட்டும் போட வேண்டும். இதெல்லாம்கூடப் போகட்டும். நடக்கத் தொடங்கும்போது உடம்பு லேசாகக் குளிர வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள்.

இது என்ன கணக்கு? ஜிப்பைக் கழுத்துவரை இழுத்த பிறகுதான் கதவில் கை வைக்க வேண்டும். எங்கள் அறையின் முதல் விதியே அதுதான். எத்தனை பேரை அதற்காகத் திட்டியிருக்கிறேன்.

நவம்பர் 22

சோதித்துவிட்டேன். பட்டியலில் சொன்ன மூன்றையும் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். எட்டாவது நிமிடம் பல் தந்தியடித்தது. வெளியே வந்து, டீ குடித்து, வெயிலில் நின்றுவிட்டு, என் ஜாக்கெட்டோடு மறுபடி போனேன். இருபது நிமிடம் கல்லு மாதிரி நின்றேன்.

லோடிங் பன்னீர்செல்வம் பார்த்துவிட்டு, "அண்ணாத்த, நீ போனா அந்த மலைக்கே ஜுரம் வந்துடும்" என்றான்.

வீட்டில் சொன்னேன். கவியா, "நடந்து பாத்தீங்களா, சும்மா நின்னு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். என்ன வித்தியாசம்? குளிர் குளிர்தானே.

நவம்பர் 30

பயிற்சிக்குத் திருக்கழுக்குன்றம். முதுகில் பையோடு மலைப்படி ஏறினோம். கீழே பூ விற்கும் அம்மா, "இன்னா வேண்டுதல், மூட்டையோட ஏறிகினு கீறீங்க?" என்று கேட்டார். கவியா சிரிக்காமல், "பனி பாக்கணும்னு வேண்டுதல்மா" என்றாள்.

அவள் மூச்சு வாங்காமல் ஏறினாள். நான் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். காலில் ஏதோ உறுத்துகிறது என்று சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 7

மழை. ஒரு அடி நடக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. ஏன் நிம்மதி?

டிசம்பர் 20

கவியா பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக நறுக்கிவிட்டாள். துண்டையும் கிழித்துக் கால்வாசி ஆக்கினாள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்க வேண்டுமாம், மேலே முதலில் உறையும், மூடி கீழே இருந்தால் மாட்டிக்கொள்ளாது. இது எனக்கே தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

பிறகு ஜாக்கெட்டில் சண்டை. "அது வாணாங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீ கரும்பலகையில பாடம் நடத்துறவ, நான் ஐஸ்ல வேலை செய்யிறவன். சொல்லியே விட்டேன். அவள் நறுக்கிய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் பை பதினொன்றரை கிலோ.

எனக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான். இதிலும் நான் தப்பு என்றால் வேறு என்ன மிச்சம்? அதைவிட ஒரு பயம், நான் பாதியில் உட்கார்ந்தால் அவளும் திரும்பிவிடுவாள்.

ஜனவரி 12, சாங்க்ரி

மலையடிவாரத்து ஊர். பனி உப்பளம் மாதிரி கிடக்கிறது. கவியா கையில் அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

ஜனவரி 13, முதல் முகாம்

ஏறினேன். ஜாக்கெட்டோடுதான். வழிகாட்டி இரண்டு முறை கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார், நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். முகாமில் பார்த்தால் பனியன் பிழிகிற அளவுக்கு ஈரம். பருத்திப் பனியன்தான். மாற்றிக்கொண்டேன், சரியாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 15, சாங்க்ரி

நேற்று எழுத முடியவில்லை.

இரண்டாவது முகாமுக்கு அரை மணி இருக்கும்போது ஓய்வுக்கு நின்றோம். காற்று அடித்தது. உள்ளே முழுக்க வியர்வை. ஐந்து நிமிடத்தில் முதுகில் ஐஸ் கட்டியை வைத்துக் கட்டியது மாதிரி ஆகிவிட்டது. ஜிப்பைப் பிடிக்க விரல் வரவில்லை. நினைவு இருக்கிறதா என்று பார்க்க அனு டீச்சர் என் பேரைக் கேட்டார். ஜெபசிங் என்று சொல்ல நாக்கு புரளவில்லை.

எப்படியோ முகாமில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஈரத்தையெல்லாம் கழற்றி, தூங்கும் பைக்குள் திணித்து, வெந்நீர் பாட்டில் வைத்தார்கள். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கம்பெனியிலும் வியர்க்கும். அங்கே இருபது நிமிடத்தில் கதவைத் திறந்து வெயிலுக்கு வந்துவிடுகிறேன், காய்ந்துவிடுகிறது. இங்கே கதவு எங்கே இருக்கிறது? பத்தொன்பது வருடமும் நான் கற்றுக்கொண்டது குளிரை இல்லை, வெளியே வருவதை.

என்னை இறக்கிவிட வேண்டும் என்று வழிகாட்டி சொன்னார். திரும்பிப் பார்த்தால் கவியா தன் பையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னா பண்ற?"

"நானும் வரேன்."

"நீ எறங்கினா அத நான் சாவுற வரிக்கும் சொமக்கணும். எட்டு கிலோக்கு மேல வாணாம்னு நீதானே சொன்ன."

அழுதாள். ஆனால் பையைப் பிரித்துவிட்டாள். என் காய்ந்த காலுறை இரண்டு ஜோடியை அவளிடம் கொடுத்துவிட்டு ஒரு ஆளோடு இறங்கினேன்.

இன்று அவளுக்குப் பிறந்த நாள். காலையிலிருந்து விடுதி வாசலிலேயே நிற்கிறேன்.

ஜனவரி 16

வந்துவிட்டாள். உதடு வெடித்திருக்கிறது. "ஏறிட்டேங்க" என்றாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியல, ஒரே மூட்டம். பத்து நிமிஷம் நின்னுட்டு எறங்கிட்டோம்."

பாவமாக இருந்தது. சொல்ல வெட்கம்தான், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

சர்ச்சில் எல்லோரும் விசாரித்தார்கள். எல்லோரிடமும் மூட்டம் என்றே சொன்னாள்.

மத்தியானம் அனு டீச்சர் படங்கள் அனுப்பினார். நாற்பத்திரண்டு படம். வானம் துடைத்து வைத்தது போல நீலம். சுற்றிலும் மலை, மலைக்குப் பின்னால் மலை. நடுவில் கவியா, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு. இப்படி அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை வருடம்?

ஏன் பொய் சொன்னாள்? கோபப்படுவதா, என்ன செய்வது?

ஜனவரி 27

ஸ்டுடியோவில் கொடுத்து அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு ஹாலில் மாட்டிவிட்டேன். பள்ளியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே நின்றாள்.

"மூட்டம் நல்லா கீது" என்றேன்.

முந்தானையால் படத்தின் ஓரத்தைத் துடைத்தாள். பிறகு, "நீங்க இல்லாம பாத்தத நல்லா இருந்துச்சுன்னு உங்ககிட்ட எப்படிங்க சொல்றது" என்றாள்.

"இப்ப சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு."

சொல்லத் தொடங்கினாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சமையலறையிலிருந்து இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, "கேக்குறீங்களா?" என்கிறாள். எழுதுவதை மூடி வைக்க வேண்டியதுதான். இன்னும் அவள் உச்சிக்கு வந்து சேரவில்லை.