டாங்கிக்கு ஒரு டெலிபோன்

ஏனுங்க,

இன்று காலை உங்கள் தம்பி மகன் லீவு போட்டுவிட்டு வந்து நம் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தான். தின்னர் வாசனை ஹாலுக்குள் வந்ததும் எனக்குப் பழைய எரிச்சல் அப்படியே கிளம்பிவிட்டது. "இன்னைக்கு என்னத்தைக் கொட்டி வெச்சீங்க?" என்று வாய் வரைக்கும் வந்தது. பதில் சொல்லத்தான் ஆளில்லை.

தொண்ணூறுகளில் மில் ஷிப்டு முடிந்து வந்தால் மற்ற ஆம்பளைகள் காப்பி கேட்டார்கள். நீங்கள் கத்தரிக்கோல் கேட்டீர்கள். எழுபத்தொன்றாம் வருடத்துப் பாகிஸ்தான் சண்டையில் ஓடிய டாங்கியை ஒரு சாண் நீளத்தில் அச்சு அசலாகச் செய்ய வேண்டுமாம். வாலிபத்தில் பட்டாளத்துக்குப் போய், மார்பளவு பத்தாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அல்லவா! ஊர்க் காலேஜில் வருஷா வருஷம் நடக்கும் மாடல் கண்காட்சிக்கு நடுவராக வரும் ரிட்டயர்டு மேஜர் அதைப் பார்த்து 'கரெக்ட்' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தனை ஆட்டமும்.

டாங்கியின் பின்பக்கம் ஒரு டெலிபோன் பெட்டி உண்டாம், வெளியே நடந்து வரும் சிப்பாய் உள்ளே இருப்பவரோடு பேசுவதற்கு. அது இடதா வலதா என்று தெரியாமல் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. நம் வீட்டு டெலிபோனுக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்கானது. அதை விசாரிக்க ஒரு நாளாவது போனீர்களா?

டாங்கிப் படையில் இருந்தவர் என்று யாரோ சொன்ன பெரியவரைத் தேடி, அவிநாசிக்கு என்னையும் பஸ்ஸில் இழுத்துப் போனீர்கள்.

"பெட்டி வலது பக்கமுங்களா?"

"ஆமாங்க."

"மூடி மேல தொறக்குமுங்களா?"

"ஆமாங்க, மேலதானுங்க."

வீடு தேடி வந்தவரிடம் தெரியாது என்று சொல்ல அந்த மனுஷருக்கு நாக்கு எழவில்லை. நீங்கள் இடது பக்கமா என்று கேட்டிருந்தாலும் ஆமாங்கதான். சமையல்கட்டில் அவர் சம்சாரம் என்னிடம், "அவுரு அங்க சப்பாத்தி சுட்டாருங்க அம்மணி" என்றார். பஸ்ஸில் அதைச் சொன்னேன். "சும்மா இரு அம்மணி, டாங்கியப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்றீர்கள். பெரிய ஆராய்ச்சி!

கண்காட்சிக்கு முந்தின வாரம் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு பத்திரிகை கிடைத்தது. படத்தில் பெட்டி இடது பக்கம் இருந்தது. 'சப்பாத்தி' என்று என் முகமே சொல்லியிருக்கும். பெட்டியைப் பெயர்க்க நீங்கள் பிளேடை எடுத்தபோது, அந்தப் பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"நாஞ் சொன்ன எடத்துலயே வெச்சுபோட்டீங்களே கண்ணு! ஞாயித்துக்கெழமை பேரப்புள்ளைங்களக் கூட்டிட்டு வாரனுங்க. தாத்தா சொல்லித்தான் செஞ்சாங்கன்னு காட்டோணும்."

பிளேடைக் கீழே வைத்துவிட்டீர்கள். அவர் போன பிறகு, "இப்பவாச்சும் மாத்துங்க" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "அந்தப் புள்ளைங்க முன்னால எப்படி அம்மணி? விடு" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேஜர் வந்தார். பின்பக்கம் குனிந்து பார்த்து, "பெட்டி தப்பான பக்கம்" என்றார். பக்கத்திலேயே பெரியவர் பேரப்பிள்ளைகளுக்கு நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாதபடி நீங்கள் மெதுவாக, "ஆமாங்க" என்றீர்கள். மேஜர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

சப்பாத்தி சுட்டவருக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த உங்களை என்னவென்று சொல்வது? அசடு. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். சொல்லிக்கொண்டேதான் தினமும் ஷோகேஸ் கண்ணாடியைத் துடைக்கிறேன்.

பெயிண்ட் அடித்து முடித்தவன் ஷோகேஸில் இருந்த டாங்கியைக் கையில் எடுத்து, செல்போனில் ஏதோ படத்தோடு ஒத்துப் பார்த்தான். "பெரியம்மா, இந்தப் பெட்டி தப்பான பக்கம் இருக்குதுங்க. பேத்து மாத்தி ஒட்டிப்போடட்டுங்களா?"

"கைய வெச்சீன்னா ஒடிச்சுபோடுவேன்."

பயந்துபோய்த் திரும்ப உள்ளே வைத்தான். "அப்ப இதுதான் கரெக்டுங்களா?"

"ஆமாங் கண்ணு" என்றேன்.