பின்பக்கச் சின்ன சுவிட்ச்

தாராவி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் யாசருக்கு உம்மா நூர் நிஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் வாப்பாவும் சுகம், அந்த டொரொன்டோ குளிரில் நீயும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய், போனில் சொன்னால் திட்டுவாய், கடிதத்தை நீ எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும்.

நீ அனுப்பிய புது ரவுட்டரை மாடியில் மாட்டி, எங்களைப் பார்க்க நீ வைத்த கேமராவையும் அதிலேயே சேர்த்த நாளிலிருந்து வீடு உன் போனில் தெரியவில்லை அல்லவா. கீழே பெல்ட் பட்டறையில் இருக்கும் பழைய பெட்டியோடு இதுவும் சேர்ந்தால் நெட் இரண்டு மடங்கு ஓடும் என்று வாப்பா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். நெட் ஓடியது, கேமராதான் ஓடவில்லை. அந்த மூன்று வாரமும் நீ தினம் இரண்டு வேளை கூப்பிட்டாய். எந்த விளக்கு எரிகிறது, எந்த வயர் எந்த ஓட்டையில் என்று நீ கேட்பாய், நான் மீன் கழுவிக்கொண்டே பதில் சொல்லி, நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டு விஜயராணியின் மகள் சுஷ்மா, மாஹிமில் கம்ப்யூட்டர் கடையில் இருப்பவள், வந்து பார்த்தாள். இரண்டு பெட்டியும் ஒரே வேலையைப் பார்க்கிறதாம், வெளியிலிருந்து நீ தேடி வந்தால் கீழ்ப்பெட்டியோடு நின்றுவிடுகிறாயாம், மாடியில் கேமரா இருப்பதே அதற்குத் தெரியாதாம். புதுப் பெட்டியின் பின்னால் இருந்த சின்ன சுவிட்சை மறுபக்கம் தள்ளினாள், கீழ்ப்பெட்டியில் கேமராவுக்கு வழி போட்டுக் கொடுத்தாள். “பஸ், அவ்ளோதான் ஆன்ட்டி. மேல உள்ளது இனி சிக்னல் மட்டும் குடுக்கும், மத்த காம், வேலை எல்லாம் கீழ உள்ளதே பாத்துக்கும்” என்று பாதி இந்தியில் சொன்னாள். வாப்பா தலை சீவிக்கொண்டு கேமரா முன்னால் போய் நின்றார். நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய்.

அதோடு சரி. நாலு நாள் ஒரு போன் இல்லை. கேட்டதற்கு, தினமும் உங்களைப் பார்க்கிறேனே உம்மா என்று எழுதுகிறாய். நீ பார்க்கிறாய் மகனே, நான் யாரைப் பார்ப்பது? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதனால் நேற்று மதியம் ஸ்டூல் போட்டு ஏறி அந்தச் சுவிட்சைப் பழைய பக்கமே தள்ளிவிட்டேன். சுஷ்மாவைக் குறை சொல்லாதே. வாப்பாவுக்கும் தெரியாது, அவர் இன்னும் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் பட்டறைக்கு இறங்குகிறார்.

காதை மூடாமல் வெளியே போகாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. கேமரா ஏன் தெரியவில்லை என்று கேட்டு, கடிதம் கண்டவுடனே போன் பண்ணு, எனக்கு எந்த வயரும் தெரியாது.

உன் வழி பார்த்திருக்கும்
உம்மா நூர் நிஷா